தொழிலுக்கு மனத்தில் நிற்கும் தொலைபேசி எண்: மூன்றில் எதை எடுக்கலாம்?

குழாய்க்காரன் | திங்கள், காலை 8.40

வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகள் பிறரிடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகக் குழாய்ப் பழுது பார்க்கும் தொழில் தொடங்குகிறேன். இதுவரை என் சொந்த எண்ணைத்தான் எல்லோருக்கும் கொடுத்து வந்தேன். அது எனக்கே மனப்பாடம் கிடையாது. யாராவது கேட்டால் பர்ஸில் இருக்கும் சீட்டை எடுத்துப் பார்த்துத்தான் சொல்வேன். தொழிலுக்கென்று தனி எண் வாங்கலாம் என்று போனால் மூன்றைக் காட்டியிருக்கிறார்கள். முன்பகுதி மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை இங்கே போடவில்லை. கடைசி ஆறு இலக்கங்கள் மட்டும்:

அ) 777877
ஆ) 316293
இ) 152535

முதலாவது 'ஃபேன்சி' எண். அதற்குத் தனிக் கட்டணம். இரண்டாவதை நானே பட்டியலில் தேடிப் பிடித்தேன். 31, அதன் இரு மடங்கு 62, மும்மடங்கு 93. பார்த்தவுடனே மனத்துக்குப் பிடித்துவிட்டது. மூன்றாவது சும்மா கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். எனக்கு ஆ பக்கம்தான் ஆசை.

ஒருவரி | திங்கள், காலை 8.52

முதலாவது. ஏழு ஐந்து முறை வருகிறது, யார் மறப்பார்கள்?

மை_விரல் | திங்கள், காலை 9.31

ஏழு வருகிறது என்பதை யாரும் மறக்க மாட்டார்கள். எத்தனை ஏழு என்பதைத்தான் மறப்பார்கள்.

நான் பெயர்ப்பலகை எழுதுபவன். ஒரு வாடிக்கையாளர் போனிலேயே எண்ணைச் சொன்னார். எனக்குக் கையில் தூரிகை, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். எண்ணின் கடைசியில் பூஜ்யங்கள் வரிசையாக வந்தன. அவர் 'பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்' என்று அடுக்கிக்கொண்டே போக, நான் போட்டுக்கொண்டே போனேன். நான்கு போட வேண்டிய இடத்தில் மூன்று போட்டிருக்கிறேன். பலகை பதினொரு நாள் தொங்கியது. அவரும் பார்த்தார், அவர் மனைவியும் பார்த்தார், ஒருவர் கண்ணிலும் படவில்லை. 'பலகை வைத்தும் ஓர் அழைப்புகூட வரவில்லையே' என்று அவர் குறைப்பட்டுக்கொண்டபோதுதான் நான் போய் விரல் வைத்து எண்ணினேன். என் செலவில் அழித்து எழுதிக் கொடுத்தேன்.

ஒரே மாதிரிப் பொருள் மூன்று நான்கு இருந்தால் கண் எண்ணாமலே கண்டுகொள்ளும். அதற்கு மேல் போனால் எண்ணித்தான் ஆக வேண்டும். ஓடும் வண்டியின் முதுகில் எழுதியிருப்பதை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்?

அ எண்ணில் இன்னொரு தொல்லை: அந்த எட்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது? 'எல்லாம் ஏழு, நடுவில் ஓர் எட்டு' என்றுதான் ஆள் மனத்தில் நிற்கும். ஆறு இலக்கத்தில் நடு என்று ஓர் இடமே கிடையாது. மூன்றாவதா, நான்காவதா? பாதிப் பேர் 778777 அழுத்துவார்கள்.

கணக்குப்புலி | திங்கள், காலை 10.15

குழாய்க்காரரே, ஆ எண்ணைப் பார்த்ததும் எனக்கும் கை அரித்தது. கணக்கு வாத்தியாரான நானே சொல்கிறேன், அதை எடுக்காதீர்கள்.

அதன் அழகை நீங்கள் எங்களுக்கு ஒரு வரி எழுதி விளக்கினீர்கள். விளக்கிய பிறகுதான் அது அழகு. பலகையில் படிப்பவருக்கு அருகில் நின்று விளக்க நீங்கள் இருக்கப் போவதில்லை. அவருக்கு அது 3, 1, 6, 2, 9, 3 என்று ஆறு தனித்தனி இலக்கங்கள்.

உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரையைப் பலரும் அறிவார்கள்: உடனடி நினைவில் ஏழு, கூடக்குறைய இரண்டு என்று. தொலைபேசி எண்ணைப் பற்றிப் பேசும் இடத்தில் எல்லாம் அந்த ஏழு என்ற கணக்கை இழுத்துவந்து உட்கார வைக்கிறார்கள். ஆனால் மில்லர் எண்ணியது இலக்கங்களை அல்ல, துண்டுகளை. பல இலக்கங்கள் சேர்ந்து ஒரு பொருளானால் அது ஒரே துண்டு. 2001இல் நெல்சன் கோவன் அந்த அளவை இன்னும் குறைத்து, நான்கு துண்டுகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ஆகவே எத்தனை இலக்கம் என்று கவலைப்பட வேண்டாம். கேட்பவர் மனத்தில் அது எத்தனை துண்டாக விழுகிறது என்று பாருங்கள். இ எண் மூன்று துண்டு. அதுவும் பத்துப் பத்தாக ஏறும் துண்டு. முதல் படியைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டும் தாமாக வரும்.

இரவுப்பணி | திங்கள், இரவு 11.48

இப்போதுதான் பணிக்கு வந்தேன். அழைப்பு மையத்தில் ஒன்பது ஆண்டுகளாக இரவெல்லாம் பிறர் சொல்லும் எண்களைக் காதால் வாங்கி எழுதும் வேலை. மேலே எல்லோரும் கண்ணைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். எண் கெட்டுப்போவது பெரும்பாலும் காதில்.

தமிழில் சொல்லும்போது மிக மோசமான இணை ஒன்பதும் எண்பதும். இரைச்சலான இடத்திலிருந்து பேசினால் முதல் அசை விழுந்துவிடும். மிஞ்சுவது 'ண்பது' மட்டும். ஒன்பதா எண்பதா என்று திரும்பக் கேட்காத இரவே கிடையாது. எழுபதும் அந்தக் கூட்டத்தில்தான் சேரும். ஒன்பது தனி இலக்கமாக இருந்துகொண்டு பத்துகளின் வால் வைத்திருக்கிறது, தொண்ணூறு பத்தாக இருந்துகொண்டு நூறின் வால் வைத்திருக்கிறது. நம் மொழியின் அழகுதான், ஆனால் நள்ளிரவில் அதை ரசிக்க முடிவதில்லை.

அடுத்தது, சேர்த்துச் சொல்வதும் பிரித்துச் சொல்வதும். 'இருபத்தேழு' என்றால் 27. சிலர் 'இருபது, ஏழு' என்று நிறுத்திச் சொல்வார்கள். எழுதுபவர் 207 என்று போட்டுவிடுவார். சொன்னவர்மேலும் தவறில்லை, எழுதியவர்மேலும் தவறில்லை.

ஆங்கில இலக்கமாகச் சொன்னால் ஃபைவும் நைனும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். விமானிகள் வானொலியில் நைனை 'நைனர்' என்றும் ஃபைவை 'ஃபைஃப்' என்றும் சொல்வது இந்தத் தொல்லைக்காகத்தான். மற்ற மொழிக்காரர்களும் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் போனில் இரண்டுக்கு 'ட்ஸ்வை' என்று சொல்லாமல் 'ட்ஸ்வோ' என்பார்கள். இல்லாவிட்டால் மூன்றைக் குறிக்கும் 'ட்ரை'யோடு குழம்பும். சீனத்தில் எண்ணை வாசிக்கும்போது ஒன்றுக்கு 'யீ' என்பதை விட்டு 'யாவ்' என்பார்கள், ஏழோடு குழம்பாமல் இருக்க. பிரேசிலில் ஆறுக்கு 'மேய்யா', அதாவது 'அரை', அரை டஜன் என்ற பொருளில். நாம்தான் இன்னும் 'எண்பதா? ஒன்பதா? எட்டுக்கு அடுத்ததா?' என்று கத்திக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் மூன்றையும் இங்கே பக்கத்து இருக்கைத் தோழியிடம் சொல்லிப் பார்த்தேன். அ எண்ணை நான் 'டிரிபிள் செவன், எயிட், டபுள் செவன்' என்றேன், அவள் சரியாக எழுதினாள். பத்து நிமிடம் கழித்து அதே எண்ணை 'எழுபத்தேழு, எழுபத்தெட்டு, எழுபத்தேழு' என்று சொன்னேன். 'இது எந்த எண்?' என்று கேட்டாள். அவள் மேசையில் அதே எண் எழுதிய தாள் கிடக்கிறது! பிரிக்கும் இடம் மாறினால் எண்ணே வேறாகிவிடுகிறது. இ எண்ணை மும்மூன்று இலக்கமாகப் பிரித்துச் சொல்ல யாருக்கும் தோன்றாது. பதினைந்து, இருபத்தைந்து, முப்பத்தைந்து. ஒரே வழிதான் இருக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அதையே ஆங்கிலத்தில் ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னால் மூன்று ஃபைவ் வருகிறது. மூன்றும் நைன் என்று காதில் விழுந்தால் 192939. அந்த எண் யாரிடம் இருக்கிறதோ, அவர் பாவம்.

மை_விரல் | செவ்வாய், காலை 7.05

இ எண்ணின் மூன்று துண்டும் ஐந்தில் முடிவதைக் கவனித்தீர்களா? யாப்பில் இதற்கு இயைபு என்று பெயர். பள்ளியில் படித்தது வீண்போகவில்லை.

சுழல்வட்டு | செவ்வாய், காலை 9.20

தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நல்ல எண் என்றால் என்ன என்பதற்கான விடை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

விரலை விட்டுச் சுற்றும் வட்டுத் தொலைபேசியில் 1 என்றால் ஒரு துடிப்பு, 0 என்றால் பெரும்பாலான நாடுகளில் பத்துத் துடிப்பு. 9, 0 நிறைந்த எண்ணைச் சுற்றினால் வட்டு திரும்பி வரும்வரை ஒரு வாய் காப்பி குடிக்கலாம். அதனால் அப்போது நல்ல எண் என்றால் விரைவாகச் சுற்றக்கூடிய எண். 1947இல் அமெரிக்காவில் பகுதிக் குறியீடு வகுத்தபோது நியூயார்க்குக்கு 212 கிடைத்தது. கூட்டிப் பாருங்கள், ஐந்தே துடிப்பு. சிகாகோவுக்கு 312, லாஸ் ஏஞ்சலஸுக்கு 213. அழைப்பு அதிகம் போகும் ஊருக்குக் குறைந்த துடிப்பு.

பிறகு பொத்தான் வந்தது. பெல் ஆய்வகத்தில் பொத்தான்களைப் பலவிதமாக அடுக்கி ஆட்களை வைத்துச் சோதித்து, முடிவுகளை 1960இல் வெளியிட்டார்கள். 1963இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. 123 மேல் வரிசையில் இருக்கும் அமைப்பு அங்கேயிருந்து வந்ததுதான். கால்குலேட்டரில் 789 மேலே இருக்கும். எண்ணைச் சொல்லத் தெரியாமலே விரல் போகும் வழியை வைத்து அழுத்துபவர்கள் உண்டு. 2580 என்றால் நடு வரிசையில் நேராக இறங்கும் கோடு. ஆனால் அதே ஆள் கணினி விசைப்பலகையின் எண் பகுதியில் தடுமாறுவார். விரலின் நினைவை மட்டும் நம்பி எண் வாங்க வேண்டாம்.

இன்னொரு கதை. மனித ஆபரேட்டர் இல்லாமலே இணைக்கும் பொறியைக் கண்டுபிடித்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர் பொறியாளர் அல்ல; கான்சஸ் சிட்டியில் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் தொழில் நடத்தியவர். தனக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில்தான் அவர் இதில் இறங்கினார் என்று எங்கள் துறையில் வழிவழியாகச் சொல்வார்கள். கதை எப்படியோ, 1891இல் காப்புரிமை பெற்றார். வாடிக்கையாளர் அழைப்பு வேறு இடத்துக்குப் போகிறதே என்ற வயிற்றெரிச்சலில் எவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறது பாருங்கள்.

ஒருவரி | செவ்வாய், காலை 9.26

ஐயா, கேள்வி குழாய்க்காரருடையது.

சுழல்வட்டு | செவ்வாய், காலை 9.41

தெரியும் தம்பி. வயதானவன் பேச ஆரம்பித்தால் வட்டு முழுதாகச் சுற்றித்தான் நிற்கும்.

தேனீ | செவ்வாய், மதியம் 1.10

எண்ணுக்குப் பதில் சொல்லையே வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். பொத்தான்களில் இருக்கும் ஆங்கில எழுத்துகளை வைத்துச் சொல் அமைப்பது பெரிய வியாபாரமாக நடந்திருக்கிறது. ஃப்ளவர்ஸ் என்ற சொல்லையே எண்ணாக வைத்துப் பூ விற்ற அமெரிக்க நிறுவனம் அந்த எண்ணையே தன் பெயராகவும் வைத்துக்கொண்டது. ஆனால் எழுத்துக்கூட்டல் என்ற பள்ளம் இருக்கிறது. 1990களில் ஏடி அண்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் 'ஆபரேட்டர்' என்ற சொல்லை இலவச அழைப்பு எண்ணாக விளம்பரப்படுத்தியது. அந்தச் சொல்லின் கடைசியில் 'ஓ' போடுவதா 'இ' போடுவதா என்று பலருக்கும் குழப்பம். போட்டி நிறுவனமான எம்சிஐ, 'இ' போட்ட தவறான எழுத்துக்கூட்டலின் எண்ணைத் தான் வாங்கி வைத்துக்கொண்டது. பிறர் செலவில் விளம்பரம், தனக்கு வாடிக்கையாளர்!

தமிழ்ச் சொல் என்றால் நிலைமை இன்னும் மோசம். 'குழாய்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். ழகரத்துக்கு ஒருவர் இசட், ஹெச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். இசட் இருப்பது 9இல், எல் இருப்பது 5இல். பழைய கருவிகள் பலவற்றில் இசட் என்ற எழுத்தே கிடையாது. அதற்கு மேல் 'ஓ' என்ற எழுத்துக்கு 6 அழுத்த வேண்டும், ஆனால் பார்ப்பவர் விரல் 0வுக்குப் போகும். வேண்டாம்.

எண் எதுவாக இருந்தாலும் இரண்டு காரியம் செய்யுங்கள் அண்ணா. ஒன்று, எண்ணை உங்கள் பெயரிலோ தொழிலின் பெயரிலோ வாங்குங்கள். நான் இணையத்தில் துணி விற்கிறேன். தொடக்கத்தில் உதவிக்கு இருந்த பெண்ணின் பெயரில் எண் வாங்கியிருந்தோம். அவள் வேலையை விட்டுப் போனபோது எண்ணும் கூடவே போயிற்று. சண்டை எதுவும் இல்லை, சட்டப்படி அது அவளுடையது. இரண்டு, எடுக்கும் முன் அந்த எண்ணை இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒருவர் விட்டுவிட்ட எண்ணைச் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுப்பது எல்லா இடத்திலும் நடப்பதுதான். பழைய ஆள் கடன்காரராக இருந்தால் அவர் கடனை விசாரிப்பவர்கள் உங்களை அழைப்பார்கள். பழைய எண் விளம்பர அழைப்புக்குப் பயன்பட்டதென்றால் இன்னும் மோசம். நீங்கள் அழைக்கும்போது எதிர்முனையில் 'தொல்லை அழைப்பு' என்று காட்டும். வாட்ஸ்அப்பில் பழைய ஆளின் படம் வருகிறதா என்றும் பாருங்கள்.

ஒருவரி | செவ்வாய், மதியம் 1.15

இந்தக் காலத்தில் எண்ணை யார் அழுத்துகிறார்கள்? திரையில் தொட்டால் போகிறது. இவ்வளவு பேச்சு எதற்கு?

இரவுப்பணி | புதன், அதிகாலை 2.30

நியாயமான கேள்விதான். நானும் யோசித்துப் பார்த்தேன். முன்பு எண்ணை நினைவில் வைத்தது அழைப்பதற்காக. இப்போது அதைவிட, எடுப்பதற்காக. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எத்தனை பேர் எடுக்கிறார்கள்? குழாய்க்காரர் ஒரு வீட்டு வாசலில் நின்று 'வந்துவிட்டேன், கதவைத் திறங்கள்' என்று சொல்ல அழைக்கிறார். அவர் எண்ணை அவர்கள் பதிந்து வைக்கவில்லை. திரையில் 15 25 35 என்று முடிந்தால் 'இது நேற்றுப் பேசியவர்' என்று பொறி தட்டும். 316293 என்றால் அடித்து ஓயும்.

கணக்குப்புலி | புதன், காலை 6.50

ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்றும் சேர்க்க வேண்டும். கடன் அட்டை எண்ணில் ஒரு காவல் இலக்கம் உண்டு. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் வகுத்த முறை அது. ஓர் இலக்கம் தவறினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ (0, 9 இணை மட்டும் தப்பிவிடும்) கணக்கு உதைக்கும்; இயந்திரம் 'தவறு' என்று சொல்லிவிடும். தொலைபேசி எண்ணுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. தவறாக அழுத்திய எண்ணும் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய எண்தான். மணி அடிக்கும், யாரோ எடுப்பார்கள்.

ஆகவே உங்கள் எண்ணுக்கு அக்கம்பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். இரவுப்பணி சொன்ன 192939, ஓர் இலக்கம் பிசகிய 152525, இவை ஏதாவது பரபரப்பான அலுவலகத்தின் எண்ணாக இருந்தால், அவர்களுக்கு வர வேண்டிய அழைப்பெல்லாம் உங்களுக்கு வந்து குவியும். இணையத்தில் தேடினால் அந்த அளவுக்குத் தெரிந்துவிடும்.

நெறியாளர் | புதன், காலை 10.00

யாரும் முழு எண்ணை இங்கே பதிய வேண்டாம். ஒருவர் மேலே பதிந்திருந்ததை நீக்கியிருக்கிறேன்.

குழாய்க்காரன் | வியாழன், இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. பேசிக்கொண்டே இருப்பதைவிடச் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. செவ்வாயன்று பன்னிரண்டு பேரைப் போனில் அழைத்து, ஆளுக்கு ஓர் எண் வீதம், நான்கு நான்கு பேராகப் பிரித்துச் சொன்னேன். எழுதக் கூடாது, ஒரே முறைதான் சொல்வேன் என்ற நிபந்தனையோடு. நேற்று மாலை திரும்ப அழைத்துக் கேட்டேன்.

அ: நான்கு பேரில் ஒருவர் சரி. ஒருவர் மொத்தம் எட்டு இலக்கம் சொன்னார். ஏழு பெருகிக்கொண்டே போயிற்று. மற்ற இருவரும் மை_விரல் சொன்னதுபோல எட்டைத் தவறான இடத்தில் வைத்தார்கள்.

ஆ: இதற்கு மட்டும் நான் கொஞ்சம் ஓரவஞ்சனை செய்தேன். மடங்குக் கணக்கை விளக்கியே சொன்னேன். இருவர் சரி. ஒருவருக்கு எதுவுமே நினைவில்லை. என் மைத்துனர் மட்டும் மிகுந்த நம்பிக்கையோடு, 'முப்பது முப்பதாகக் கூடுமே, 31, 61, 91' என்றார். விளக்கம் நினைவிருக்கிறது, எண் போய்விட்டது.

இ: நால்வரில் மூவர் சரி. நான்காமவர் அம்மா. 'முப்பத்தைந்து, இருபத்தைந்து, பதினைந்து' என்று இறங்குமுகமாகச் சொன்னார். 'ஏறி வருமா இறங்கி வருமா என்று நீ சொல்லவில்லையே' என்று என்னையே திட்டினார்.

பன்னிரண்டு பேரை வைத்துச் செய்தது ஆராய்ச்சி ஆகாது, எனக்குத் தெரியும். ஆனாலும் ஆ எண்ணை விட மனம் வந்துவிட்டது. நாளை இ எண்ணை எடுக்கிறேன்.

மை_விரல் | வியாழன், இரவு 9.40

அட்டையிலும் வண்டியிலும் 15 25 35 என்று இடம் விட்டு எழுதச் சொல்லுங்கள். ஒட்டி எழுதினால் இத்தனை பாடும் வீண். அந்த இடைவெளியை எழுத்தின் பாதி அகலத்துக்காவது விட வேண்டும். நெருக்கினால் தூரத்திலிருந்து ஒட்டித்தான் தெரியும். 1இன் தலையில் கொக்கி போடாதீர்கள், 7 ஆகிவிடும்.

தேனீ | வியாழன், இரவு 10.05

இணையத்தில் போடும் இடத்தில் மட்டும் + போட்டு நாட்டுக் குறியீட்டோடு முழுதாக எழுதுங்கள் அண்ணா. தேடிப் பார்த்தீர்களா?

குழாய்க்காரன் | வியாழன், இரவு 10.11

நாளை எடுத்த பிறகு பார்க்கிறேன்.

தேனீ | வியாழன், இரவு 10.12

எடுக்கும் முன்!

குழாய்க்காரன் | திங்கள், இரவு 8.30

எண் கைக்கு வந்து மூன்று நாள். இதுவரை நான்கு அழைப்பு. நான்கும் இந்த எண்ணை முன்பு வைத்திருந்தவரைத் தேடி. அவர் ஏதோ சீட்டு நடத்தியிருக்கிறார் போலிருக்கிறது. மூன்று பேர் கோபமாகவே பேசினார்கள். தேனீ எதுவும் சொல்ல வேண்டாம்.

நான்காமவரிடம் 'நான் அவர் இல்லை அம்மா, குழாய்ப் பழுது பார்ப்பவன்' என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, குளியலறைக் குழாய் இரண்டு வாரமாக ஒழுகுகிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். நாளை காலை போகிறேன்.